ஓடை வெளுத்த வாரம்

பழைய செய்தித்தாளில் குட்வைக் முதலில் படிப்பது விளம்பரங்களைத்தான். காணாமல் போன பசு, விற்பனைக்கு வந்த படகு, பணிப்பெண் தேவை. "முதல் பக்கத்துல பெரிய மனுஷங்க இருப்பாங்க. விளம்பரத்துலதான் ஊரு இருக்கும்" என்பார். நான் வேலை செய்யும் நூலகத்தின் ஜன்னலோரக் கணினி செவ்வாயும் வியாழனும் அவருடையது. காபிக் குடுவையைக் கால்களுக்கு நடுவில் மறைத்து வைத்திருப்பார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர் லெய்ர்வோலில் தபால் கொடுத்த பெண்மணி. ஓய்வுக்குப் பிறகு, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகப் பண்ணைகளின் கதையை எழுதுகிறார். பழைய தாள்களை இப்போது கணினியிலேயே தேடிப் படிக்கலாம்; ஆனால் அந்தக் காலத்துக் கொக்கி அச்செழுத்தை அது தாறுமாறாகப் படித்து வைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பண்ணைப் பெயரையும் ஐந்தாறு விதப் பிழைகளோடு தட்டிப் பார்ப்பார். "அது தப்பாப் படிச்சிருந்தா நானும் தப்பாத்தானே கேக்கணும்."

போன ஆகஸ்டில், எழுதும் வரிசையில் ஹெல்லா பண்ணைக்கு வந்தார். இன்று அங்கே பண்ணை இல்லை; ஓடைக்கு மேலே ஒன்பது புது வீடுகள். ஒன்றில் அவர் மகள் சுன்னிவா குடியிருந்தாள். எங்கள் ஊர்த் தாளில் 1894 அக்டோபரின் இரண்டு வார இதழ்கள் மட்டும் எங்குமே கிடைக்கவில்லை. குட்வைக் பக்கத்து ஊர்த் தாளைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னை அழைத்தார்.

"யோருன், இத நீ வாசி. நான் சரியாத்தான் வாசிக்கிறேனான்னு பாக்கணும்."

வாசித்தேன். மூன்று நாள் ஓடை வெளுத்து, பால்போல் ஓடியது. ஹெல்லாவில் கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொண்டன. நான்காம் நாள் காலை, மழையே இல்லாமல், சரிவின் பாதி கூழாகி ஆற்றுக்குள் போனது. ஏழு பேர். கடைசிப் பெயர் நான்கு மாதக் குழந்தையுடையது.

அன்றிலிருந்து தினமும் மகளுக்குப் போன். எடுத்ததும், "கதவு ஒட்டுதா?"

"ஒரு நாளாவது சாப்டியான்னு கேளேன்மா" என்று சுன்னிவா சிரிப்பாள்.

நகராட்சிப் பொறியாளரிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வசந்தத்தில் பார்க்கலாம் என்றார் அவர். "நூத்திமுப்பது வருஷமா நிக்கிற மண்ணு, குட்வைக்."

"பாதி போயிருச்சு. நிக்கிற பாதி மேலதான் நீங்க வீடு கட்ட விட்டிருக்கீங்க."

மளிகைக் கடையில் அவரைக் கண்டால், "உலகம் என்னைக்கு அழியுது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்துவிடுவார். தண்ணீர் தெளிவாக இருந்த நாட்களிலும் அவர் முகம் தெளியவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்து, ஆளே இளைத்துப்போனார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நூலகத்தில் இருக்கும்போது சுன்னிவாவே அழைத்தாள். அமைதியான அறை, அவள் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, பின்கதவு மூட மாட்டேங்குது. ரெண்டு வாரமா மழையே இல்ல."

"பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு. துணிமணி எதுவும் எடுக்காத" என்றார் குட்வைக். போனைக் கீழே வைக்கத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே நகராட்சி ஆட்கள் சரிவில் துளையிட்டுப் பார்த்தார்கள். எட்டு மீட்டருக்குக் கீழே, குலுங்கினால் கூழாகிவிடும் களிமண். ஒன்பது வீடுகளும் ஒரே நாளில் காலியாயின. சரிவு இன்னும் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பொறியாளர் பேச்சை மாற்றுகிறார்.

சுன்னிவாவும் இரண்டு பேத்திகளும் இப்போது குட்வைக்கின் வீட்டில்தான். ஆற்றோரத்தில், பழைய மெல்பி பண்ணை நிலத்தில் கட்டிய வீடு அது. ஆண்டு மலருக்கு எழுத வேண்டிய பண்ணைகளில் மிச்சமிருப்பதும் அது ஒன்றுதான்.

போன வியாழக்கிழமை அந்தப் பெயரைப் பிழையில்லாமல் தட்டினார். தேடச் சொல்லும் விசைக்கு மேலே விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பள்ளிப் பேருந்து வந்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. குட்வைக் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக அழித்தார்.