எதிர்க்கட்சி மேடம்

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பேராசிரியைக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சி மேடம். எதைப் பேச எடுத்தாலும் தனக்கு ஆகாத கருத்தைத்தான் முதலில் சொல்லுவாள். அதுவும் ஏனோதானோவென்று அல்ல, அந்தக் கருத்துக்காரனே கேட்டால் சொக்கிப்போகும் அளவுக்கு. பிறகுதான் அதைப் பிரித்து மேய்வாள். "எதிராளி சொல்றதை ஒழுங்கா சொல்லத் தெரியாதவனுக்கு அதை மறுக்கிற யோக்கியதை கிடையாது" என்பாள். நல்ல கொள்கைதான், வகுப்பறைக்குள் இருந்தவரை.

இஸ்லாமியச் சட்டத்தில் பெண்களின் உரிமை பற்றி அவள் எழுதிய புத்தகமும் அப்படித்தான். மறுமணம் செய்துகொண்ட தாயிடம் பிள்ளை இருக்கலாமா என்ற அத்தியாயம், கூடாது என்ற பழைய அறிஞர்களின் வாதத்தோடு தொடங்கும். பிள்ளையின் நலனே பெரிது, தாயிடமே இருக்கட்டும் என்று அவள் நிறுவுவதெல்லாம் அதற்குப் பிறகு, பக்கம் பக்கமாக.

அவளுடைய தம்பியும் மனைவியும் பிரிந்தார்கள். அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டதும், மகளைத் தன்னிடம் தரவேண்டும் என்று தம்பி வழக்குப் போட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தம்பியைப் பகைப்பானேன் என்று அக்காள் வாயைத் திறக்கவில்லை. தனக்குப் பதிலாகப் புத்தகம் பேசும் என்று இருந்துவிட்டாள்.

பேசியது. தம்பியின் வக்கீல் அத்தியாயத்தின் தொடக்கத்தை மட்டும் கணீரென்று படித்து, "இதை எழுதினது பிள்ளையோட சொந்த அத்தை" என்று முடித்தார். தாயின் வக்கீல் அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது, திருதிருவென்று விழித்தார். பின்வரிசையில் இருந்த அக்காள் பதறி எழுந்தாள். "அம்மா, நீங்க சாட்சி இல்ல. உட்காருங்க" என்றார் நீதிபதி. இத்தனை படித்தவள், மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. தீர்ப்பு தம்பி பக்கம் போயிற்று.

மகளை விட வந்த தாய் வாசலைத் தாண்டவில்லை. அக்காளிடம் துணிப்பையை நீட்டினாள்.

"இருட்டுன்னா பயப்படுவா. லைட்டை அணைச்சிடாதீங்கக்கா."

"நான் சொன்னது அது இல்லம்மா. நீ முழுசாப் படிச்சுப் பார்த்தா..."

"முழுசாத்தான் படிச்சேங்கக்கா. அதனாலதான் நீங்க சாட்சி சொல்ல வருவீங்கன்னு இருந்தேன்."

அவள் போன பிறகும் குழந்தை செருப்பைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது.

"அத்தை, நான் அம்மாகிட்ட இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதினீங்களாமே? அப்பா சொன்னாங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வரிகளை எழுதியது அவள் கைதானே, வேறு யார் கை?

"ஆமாம்மா" என்றாள்.

குழந்தை தலையாட்டிவிட்டு, அவளிடமிருந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது.