பழைய பீக்கனும் பக்கத்துத் தெரு நண்பரும்: ஒரு டாஹோ பயணம்

பிப்ரவரி நீண்ட வார இறுதியில் டாஹோ பனிமலைக்குப் போனோம். நான், கணவர் செந்தில், பதினேழு வயது மகள் நிலா. ரிசார்ட்டில் பல வருடம் ஸ்கீ செய்தாயிற்று. இந்த முறை ரிசார்ட்டுக்கு வெளியே, லிஃப்ட் இல்லாத மலைச்சரிவில் வழிகாட்டியோடு ஒரு நாள். பனிச்சரிவு பற்றிய வகுப்பு மூவரும் முடித்திருந்தோம். இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடேதான் எழுதுகிறேன்.

அங்கே போகிற ஒவ்வொருவர் உடம்பிலும் பீக்கன் இருக்க வேண்டும். நாம் பனியில் புதைந்தால் அது அனுப்பும் சிக்னலை வைத்துத்தான் மற்றவர்கள் தங்கள் பீக்கனால் தேடுவார்கள். புதியது ஒன்று முந்நூறு டாலருக்குப் பக்கம். மூன்று பேருக்கு என்றதும் செந்தில் யோசித்தார். எங்கள் அமெரிக்க டப்ளினில் பக்கத்துத் தெரு பிரபு (பெயரை மாற்றியிருக்கிறேன்) மூன்று பழைய பீக்கன்களை இருநூறுக்குக் கொடுத்தார். "ஒரு சீசன்தான் யூஸ் பண்ணோம். எல்லாம் பர்ஃபெக்ட் கண்டிஷன்" என்றார். வீட்டில் ஆன் செய்து பார்த்தோம். மூன்றிலும் விளக்கு எரிந்தது.

காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். சுமார் 180 மைல். மலை ஏறும் இடத்தில் பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் செயின் மாட்டி, வரிசையில் ஊர்ந்து, ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

வழிகாட்டிப் பெண் கேட் முதலில் பீக்கன்களைச் சோதித்தாள். தன் பீக்கனைத் தேடும் நிலையில் வைத்து, தள்ளி நின்றுகொண்டு எங்களை ஒவ்வொருவராகத் தன்னை நோக்கி நடந்து வரச் சொன்னாள். செந்திலுடையதைத் தூரத்திலேயே பிடித்தது. என்னுடையதையும். நிலா நடந்தாள், நடந்தாள், கேட்டின் கைக்கெட்டும் தூரம் வந்த பிறகுதான் ஒரு பீப் கேட்டது. கேட் பேட்டரி மூடியைத் திறந்தாள். உள்ளே ஸ்பிரிங் முழுக்கப் பச்சைப் பொருக்கு.

"இதோடு இவளை மேலே அழைத்துப் போக மாட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். அவளிடம் உபரி பீக்கனும் இல்லை.

செந்தில் என்னிடம் மெதுவாக, "நம்ம ரெண்டு பேருது நல்லாத்தானே இருக்கு? அவ நடுவுல வரட்டுமே. இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்துட்டு..." என்றார்.

"அவ புதைஞ்சா எதை வெச்சுத் தேடுவீங்க?" பார்க்கிங்கில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"அம்மா, ஸ்டாப். ஐ'ம் நாட் கோயிங்" என்ற நிலா, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். செந்தில் ஸ்கீகளை மறுபடி காரில் ஏற்றினார்.

நான் அங்கிருந்தே பிரபுவுக்குப் போன் செய்தேன்.

"ஓ, அதுவா? பேட்டரி லீக் ஆயிருந்துச்சு, தொடச்சுட்டுத்தான் குடுத்தேன். நீங்க ரிசார்ட்லதானே ஸ்கீ பண்ணுவீங்க, சும்மா ஒரு தைரியத்துக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

அதாவது, தெரிந்தே கொடுத்திருக்கிறார். அவர் மகளும் நிலாவும் ஒரே பள்ளி.

அன்றைய வழிகாட்டிக் கட்டணம் திரும்ப வராது. போகட்டும்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மலிவு வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது சீசன் முடிவில் தள்ளுபடியில் புதியது வாங்குங்கள். மூன்று ஆன்டெனா உள்ள எளிய மாடலே போதும். விலை கூடிய மாடல்களில் வரும் வசதிகள் குடும்பத்துக்குத் தேவையில்லை. தயாரிப்பாளர் சொல்லும் வகை பேட்டரியை மட்டும் போடுங்கள், சீசன் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். விளக்கு எரிவதை நம்பாதீர்கள். கிளம்பும் முன் திறந்த மைதானத்தில் ஒன்று அனுப்ப, மற்றொன்று தேட, எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். போனைப் பீக்கனோடு ஒட்டி வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். மண்வெட்டியும், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியும் ஆளுக்கு ஒன்று. பீக்கன் இடத்தைத்தான் காட்டும், தோண்ட வேண்டியது நாம்தான்.

போன வாரம் பிரபு வீட்டுக்கே வந்தார். பணத்தைத் திருப்பித் தருகிறாராம், அந்தப் பழுதான பீக்கனைக் கொடுத்துவிட வேண்டுமாம். "வேற ஒரு ஃபேமிலி கேட்டுட்டு இருக்காங்க. அவங்க வெறும் பிகினர்ஸ்தான்" என்றார்.

அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன். சுத்தியலை எடுத்து, அவர் காதில் விழும்படி, அந்தப் பீக்கனை மூன்று துண்டாக உடைத்தேன்.

"பணம் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.