மஞ்சள் கயிறு கட்டிய போர்க்கப்பல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று தடவை எழுத உட்கார்ந்து, பாதியில் கிழித்தும் போட்டேன். நான் படித்தது படிவம் மூன்று வரைக்கும்தான். அதோடு இது ஒரு விளையாட்டுக் கப்பல் விஷயம். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று சிரிப்பார்களே என்ற கூச்சம் வேறு. ஆனால் இதற்கு மேலும் சும்மா இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொரோனா அடங்கி ஊர் பழையபடி திரும்பிய சமயம் அது. எங்கள் வீடு பாடாங் செராய் பக்கம். எனக்கு அப்போது நெஞ்சைத் திறந்து ஆப்ரேஷன் செய்திருந்தார்கள். வேலைக்குப் போக முடியாது, பாரம் தூக்கக்கூடாது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வருவதைத் தவிர எதிலும் மனசு ஒட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் பண்டார் பாருவில் இருக்கும் என் மச்சான், என் மனைவியின் தம்பி, ஒரு மூட்டைப் பலகையோடு வந்து இறங்கினான். ஏர்கோன் பழுது பார்க்கிறவன். ரிமோட்டில் ஓடுகிற போர்க்கப்பல் கட்டிக் குட்டையில் சண்டை போடுகிற கூட்டம் ஒன்றில் அவனும் சேர்ந்திருந்தான்.

"மாமா, சும்மா உக்காந்திருந்தா உடம்பு தேறாது. எனக்கு ஒரு கப்பல் கட்டிக் குடுங்க" என்றான்.

பொம்மைக் கப்பல் என்று லேசாக நினைக்காதீர்கள். ஒரு ஆள் கையை விரித்த நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும். உள்ளே மரச்சட்டம். வெளியே நகம் பட்டாலே குழி விழுகிற மெல்லிய தக்கைப் பலகை. காற்று அடைத்த சின்னப் புட்டியிலிருந்து பீரங்கிக் குழாய் வழியாக இரும்பு ரவைகள் பாயும். ரவை பட்டால் பலகை நிஜமாகவே ஓட்டையாகும், தண்ணீர் நிஜமாகவே ஏறும். அதை வெளியேற்ற வயிற்றுக்குள் ஒரு பம்பு. பம்பால் முடியாவிட்டால் கப்பல் மூழ்க வேண்டியதுதான். அதற்காகப் புகைபோக்கிக்குப் பின்னால் நூல் சுற்றிய ஒரு மிதவை வைப்பார்கள். கப்பல் அடியில் போனாலும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும். நூலைப் பிடித்து இழுத்தால் கப்பல் வந்துவிடும்.

அந்தச் சட்டங்களை இழைக்க இழைக்க எனக்கு உயிர் திரும்பி வந்தது. பசி எடுத்தது. மனைவியிடம் வாய்விட்டுப் பேசினேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அடிக்கட்டை வைக்கிற நாளில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வீட்டுக்கு வாசக்கால் வைக்கும்போது கீழே கொஞ்சம் பொன் வைப்பது நம் வழக்கம் அல்லவா? கப்பலும் ஒரு வீடு மாதிரிதானே என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சாமி மேடைக்கு முன்னால் போய் நின்று, தாலிக்கொடியில் கோத்திருந்த தங்க மணிகளில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இடத்தில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

"உங்கள எழுப்பி உக்கார வச்சதே இந்தக் கப்பல்தான். வைங்க" என்றாள்.

மச்சான் தலையில் கை வைத்தான். "அக்கா, இது மூழ்குறதுக்குன்னே கட்டுற கப்பல் லா!"

"மூழ்குனாலும் மிதவை வரும்னு நீதானடா சொன்ன?" என்று அவள் கேட்டதும் அடங்கிவிட்டான். மணியை அடிக்கட்டையில் குழி தோண்டி வைத்து, மேலே நிறமில்லாத பசை ஊற்றி மூடினேன்.

வெள்ளோட்டத்துக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, மஞ்சள் கயிறு வாங்கி வந்து, கம்பத்தையும் புகைபோக்கியையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். மச்சான் பார்த்துவிட்டு, "மாமா, மிதவை மேலயும் ஒரு சுத்து போவுது. அது ஏறி வர்றப்ப தடுக்கும்" என்றான்.

"அம்மன் கயிறு காக்கும்டா, தடுக்காது" என்றேன்.

சண்டை நடந்தது செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற ஈயம் தோண்டி விட்ட பழைய குட்டையில். லோம்போங் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆழம் யாருக்கும் தெரியாது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் என்று எல்லாரும் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். என் மனைவிக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிர்ப்பக்கத்தில் ஜித்ராவிலிருந்து வந்த சீனர் ஒருவர். டயர் கடை வைத்திருந்தவர், என்னைவிட மூத்தவர், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எஸ்டேட் கடையில் பிறந்து வளர்ந்தவராம். அவர் பேசிய தமிழைக் கேட்டு நான் அசந்துவிட்டேன். முதலாளி என்ற மரியாதையில் தவுக்கே என்று கூப்பிட்டேன்.

"தவுக்கே எல்லாம் கடையில. இங்க அண்ணேன்னு கூப்புடு" என்றார்.

சண்டை தொடங்கியதும் ஒரே சிரிப்பும் சத்தமும். நான் கப்பலைத் திருப்ப வேண்டும், மச்சான் சுட வேண்டும்.

"ஏய் பண்டார் பாரு! கப்பல் ஓட்டுறியா, சம்பான் ஓட்டுறியா?" என்று மச்சானின் ஊரைச் சொல்லி அவர் அக்கரையிலிருந்து கத்தினார்.

"கிட்ட வாங்கண்ணே, பஞ்சர் பண்ணி அனுப்புறேன். உங்க கடையிலயே ஒட்டிக்குங்க!" என்றான் மச்சான்.

கிட்டே வந்தார். பின்பக்கத்தில் தண்ணீர் மட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டார். எங்கள் கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. பம்பு திணறுகிற சத்தம் கரைவரை கேட்டது. அதைப் பார்த்ததும் சுடுவதை நிறுத்திவிட்டு அவரே கூவினார்: "கரைக்கு ஓட்டு தம்பி, கரைக்கு ஓட்டு!"

ஓட்டினேன். வந்து சேரவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கம்பம் கடைசியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். கப்பல் மூழ்கினால் அங்கே கை தட்டுவது வழக்கம். நாங்கள் ஆரஞ்சு நிற மிதவை மேலே வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். குமிழிகள் வந்தன. குமிழிகளும் நின்றன. மிதவை வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். தூக்கு கீழே கிடந்தது. அவள் கை கழுத்தில் இருந்த மஞ்சள் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. புருஷன் ஆப்ரேஷன் செய்துகொண்டவன். தாலிப் பொன் தண்ணீருக்கு அடியில். அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. மூழ்கடித்தவன்தான் தூக்குவதற்கு உதவ வேண்டும். அண்ணன் சம்பான் படகில் ஏறி, கொக்கி கட்டிய கயிற்றை வீசி வீசி இழுத்தார். சாயங்காலம் வரை பாசிதான் வந்தது. அடுத்த ஞாயிறும் ஜித்ராவிலிருந்து அத்தனை தூரம் காடி ஓட்டி வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மற்றவர்கள் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. "சொல்லாதீங்க. பாவம், தன்னாலதான்னு நெனச்சு மனசு ஒடஞ்சிருவாரு" என்று மனைவி சொல்லியிருந்தாள். ராத்திரி தூங்காமல் புரளுகிறவள் அவள். அவள்தான் அப்படிச் சொன்னாள்.

கடைசியாக அவர் வந்த நாளில் கயிறு உரசி அவர் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. வெயிலில் முகம் கறுத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அவரை விடுவித்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

"விட்டுருங்கண்ணே. என்னா பெருசா இருக்கு அதுல? வெறும் வெளயாட்டுச் சாமான்தானே" என்றேன்.

சுருட்டிக்கொண்டிருந்த கயிற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெளயாட்டுச் சாமானுக்கா தம்பி மஞ்சக் கயிறு கட்டுன?"

என்னமோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காடியில் ஏறிப் போனார். என் மனைவி கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாவம், ஒரு வழியாக விட்டுவிட்டார் என்று நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று தோன்றும். அந்தக் கேள்வி ஞாபகம் வந்து, போனைக் கீழே வைத்துவிடுவேன்.

வெயில் காலம் வந்து லோம்போங்கில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. ஒரு சீனப் பெண் இறங்கினாள். துண்டில் சுற்றிய ஒரு நீளப் பொருளைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அண்ணனுடைய மகள். மலாயிலும் கொஞ்சம் தமிழிலுமாகச் சொன்னாள்.

மீன் பிடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அண்ணன் ஞாயிறு தவறாமல் அந்தக் குட்டைக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாமல், தோட்டத்துப் பக்கமாக வந்து போயிருக்கிறார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பெரிய காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி இறக்கி, உள்ளே இருந்த இரும்பு ரவைகள் அதில் ஒட்ட, கடைசியில் கப்பலைப் பிடித்துவிட்டார். கழுவி, ஓட்டைகளுக்கெல்லாம் புதுப் பலகை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கடையில் வைத்திருந்தார். அந்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடித்துவிட்டுத்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறாள்.

நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவன் நான். இருக்கிறேன். அவர் இல்லை. அவர் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கவில்லை.

துண்டைப் பிரித்தேன். கம்பத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு. கம்பத்தை மட்டும் சுற்றி, மிதவையின் மேல் படாமல், ஒதுக்கமாகக் கட்டியிருந்தது. ஜித்ராவில் ஒரு கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், எத்தனை சுற்று சுற்ற வேண்டும், முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று பூசாரியிடம் கேட்டு வாங்கி வந்தாராம்.

பிறகு அவள் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். "இதை மத்தவங்க முன்னால குடுக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு" என்று என் கையில் வைத்தாள். உள்ளே நான் கட்டிய பழைய கயிறு. மிதவை நூலோடு சேர்ந்து இறுகி, பிரிக்க முடியாத முடிச்சாக இருந்தது. மிதவை ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமி கயிறு என்பதால் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். அதை வைத்து நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது என்றும் நினைத்திருக்கிறார்.

மனைவி டார்ச்சை எடுத்து வந்து கப்பலின் அடியில் அடித்தாள். மணி இருந்தது. அதன்மேல் இருந்த பசையில் பாசி கொஞ்சமும் இல்லை. அந்த இடத்தை மட்டும் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல ஆக்கியிருந்தார். அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தான் கேட்ட கேள்விக்கான பதிலை அவரே குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். நான் சொல்லித் தெரிந்திருக்க வேண்டியது அது. கப்பலை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி அழுத அழுகையைப் பார்த்து, அப்பாவை இழந்து வந்த அந்தப் பெண் இவளைத் தேற்றினாள்.

மணி இப்போது தாலிக்கொடியில் பழைய இடத்தில் இருக்கிறது. கப்பல் வீட்டில் இருக்கிறது. கம்பத்தில் அவர் கட்டிய கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.

இப்போது எழுத வந்த காரணத்தைச் சொல்கிறேன். போன திருவிழாவில் ஒரு அம்மா, என்னை யாரென்று தெரியாமல், என்னிடமே வந்து ஒரு கதை சொன்னார். பாடாங் செராயில் தாலி மணியோடு ஒரு கப்பல் முழுகிப்போச்சாம், பெண்டாட்டி விரதம் இருந்தாளாம், அம்மன் அருளால் அது தானாக மேலே மிதந்து வந்துச்சாம். நான் கும்பிடுகிற தெய்வம் அது. அவள் அருள் இல்லை என்று என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை இழுத்துத் தோலுரிந்தது ஒரு மனுஷனுடைய கை. அந்தக் கதையில் அந்தக் கை இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். நான் கயிறு கட்டியதால்தான் மிதவை வரவில்லை என்பதையும் விடாமல் சொல்லுங்கள். ஜித்ராவில் டயர் கடை வைத்திருந்த ஒரு சீன அண்ணன், நான் வெறும் சாமான் என்று சொன்னதை அப்படி இல்லை என்று நம்பித் தேடினார் என்று சொல்லுங்கள். அவரிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இப்படி ஒவ்வொருவர் வாயாலும் சொல்ல வைத்தாலாவது, அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொன்னதாக ஆகுமோ என்று பார்க்கிறேன்.