பையோடு வந்தவன்

எங்கள் பழைய டீவியின் ரிமோட் இன்னும் என்னிடம் இருக்கிறது. டீவி எந்தக் காலத்திலோ பழைய சாமான் வாங்கும் பங்கார்காரனிடம் எடைக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாராவியில் நாங்கள் இருந்த வீட்டை இடித்தாகிவிட்டது. செம்பூரில் நான் தனியாக இருக்கும் இந்த ஃபிளாட்டுக்குச் சாமான் மாற்றும்போது அதைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன், போடவில்லை. பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட் அது. உறையில் ஒரே ஒரு இடத்தில் ஓட்டை. சத்தத்தை நிறுத்தும் பொத்தானின் மேல் விழுந்த ஓட்டை. பொத்தானிலிருந்த படமும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கிறது. எல்லாம் என் மதினியின் கட்டைவிரல் செய்த வேலை.

மதினி என் அண்ணன் மனைவி. தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த இரண்டாம் மாதமே அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். விசா கைக்கு வந்த பிறகுதான் பெண்ணே பார்த்தார்கள், ஆகையால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் புருஷன் இல்லாத வீட்டில், பாஷை தெரியாத ஊரில், புதுப்பெண் பகல் முழுக்க என்ன செய்வாள் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் தலை இடிக்கும் ஒரு மாடி, அவ்வளவுதான் வீடு. அப்பா மாஹிமில் ஒரு கம்பெனியில் இரவுக் காவல். பகலெல்லாம் மாடியில் தூங்குவார். அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கப் போய்விடுவாள். நான் காலைப் பள்ளிக்கூடம் முடிந்து மதியம் திரும்பும்வரை, தலைக்கு மேல் மாமனாரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு மதினி உட்கார்ந்திருப்பாள்.

வந்த புதிதில் ஒருநாள் பால் வாங்கப் போனவள் சந்து மாறிவிட்டாள். தாராவியில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். அவள் அகப்பட்டது மீதிப் பாதியிடம். குயவர் சூளைகளையெல்லாம் தாண்டி, மாஹிம் ஸ்டேஷன் பாலத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தவளை எங்களுக்குத் தெரிந்த இட்லிக்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. அன்றைக்கு அம்மா, "இனி ஒத்தையில வாசலத் தாண்டப்பிடாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்மவனுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மா கொடுமைக்காரி இல்லை. அவளுக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் மதினியின் பகல்கள் எல்லாம் போயின.

மதியத்தில் எங்கள் ஏரியா கேபிள்காரன் தன் சொந்தச் சேனலில் படம் போடுவான். இந்திப் படம் என்றால் மதினிக்குக் கொட்டாவி வந்துவிடும். "பேசிப் பேசியே கொல்லுதானுவ" என்பாள். பேய்ப்படம் வந்தால் நிமிர்ந்து உட்காருவாள். பேய்ப்படத்துக்குப் பாஷை வேண்டாம். கதவு திறந்தால் பயப்பட வேண்டும், மூடினாலும் பயப்பட வேண்டும். அப்படி ஒரு மழைக்காலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு ரத்தக்காட்டேரிப் படம் கேபிள்காரன் கையில் அகப்பட்டது. வேறு சிடி கிடைக்கவில்லையோ, சோம்பலோ, மாதக்கணக்கில் அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். அலறல் கேட்டால் அப்பா விழித்துக்கொள்வார், அதோடு டீவியும் அணைந்துவிடும். ஆகையால் படம் தொடங்கும் முன்பே மதினி சத்தத்தை நிறுத்திவிடுவாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கதையை அவளே சொல்ல ஆரம்பிப்பாள்.

பனி பெய்யும் ஊர். ஒரு பெரிய வீடு. பகலில் வெளியே தலைகாட்டாத, வெளுத்த முகமுள்ள ஒரு பெண். மதினி அவளுக்கு வெள்ளையம்மா என்று பேர் வைத்தாள். வெள்ளையம்மா ஏன் பகலில் வெளியே வருவதில்லை? "மாமியா விடமாட்டேங்கா." ஏன் வருகிறவன் போகிறவன் கழுத்தையெல்லாம் கடிக்கிறாள்? "அந்த ஊர்ல சோறு கெடையாதுட்டி, வெறும் ரொட்டிதான். அவளும் எத்தன நாள்தான் பசி பொறுப்பா?" ஏன் பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறாள் என்று கேட்டால், மதினி கண்ணை உருட்டி மாடியைக் காட்டி, "எடம் பத்தல, நம்ம வீடு மாதிரிதான்" என்பாள். சிரிப்பை அடக்க நான் பாவாடையை வாயில் திணித்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் கதையில் ஏதாவது புதிதாகச் சேரும். வெள்ளையம்மாவின் ஊர், அவள் வீட்டுக் கிணறு, அவள் வளர்த்த ஆடு என்று படத்தில் எங்குமே இல்லாத சங்கதிகளெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் தோல் பையோடு ஒருவன் வருவான். கறுப்புக் கோட்டு, தொப்பி, குதிரை வண்டி. யாரைக் கண்டாலும் பாயும் வெள்ளையம்மா இவனைக் கண்டால் மட்டும் பேசாமல் கையை நீட்டுவாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பான், பிறகு பைக்குள் கையை விடுவான். அதோடு காட்சி இருட்டிவிடும். எங்கள் டீவியில் இருட்டு என்றால் வெறும் கறுப்புத்தான். "இது யாரு மதினி?" என்று முதல் தடவை கேட்டபோது அவள் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொன்னாள்.

"அவ அண்ணன். பொங்கப்படி கொண்டாந்திருக்கான். தங்கச்சி மெலிஞ்சிட்டாளேன்னு கையப் புடிச்சுப் பாக்கான்."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பிறந்த வீட்டுப் படி வரவேண்டும். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம், கொஞ்சம் காய்கறி. சாமானைவிட அதைக் கொண்டுவருகிற ஆள்தான் முக்கியம். அண்ணனோ தம்பியோ வந்து வாசலில் இறக்கிவைத்தால்தான் அவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியும். மதினிக்கு இருந்தது ஒரே அண்ணன். முதல் பொங்கலுக்கு ரயிலில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படியைக் கொடுத்தனுப்பினான். மஞ்சள் வாடி வதங்கி வந்து சேர்ந்தது. அடுத்த பொங்கலுக்கு நானே வருகிறேன் என்று கடைப் போனில் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மதினி ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

அந்தப் பொங்கலன்று எங்கள் சந்து முழுக்க வாசலுக்கு வாசல் அடுப்பு. புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்காவின் தம்பி தாதர் ஸ்டேஷனில் இறங்கி, கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சந்து குறுகல், கரும்பின் தோகை எல்லார் வீட்டுக் கதவையும் உரசிக்கொண்டே போனது. மதினி பானையைப் பார்க்கிற மாதிரி சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று போனும் வரவில்லை. மறுநாள் மதியம் வழக்கம்போல அந்தப் படம். பையோடு ஒருவன் வந்தான், போனான். வண்டி பனிக்குள் மறைவதை வெள்ளையம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பாள், அதோடு படம் முடியும். அன்றைக்கு மதினி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுத்துகள் ஓடத் தொடங்கிய பிறகு, "ரெண்டாம் பாகத்துல வந்து கூட்டிட்டுப் போயிருவான்" என்றாள்.

சில வருஷங்கள் கழித்து என் அண்ணன் மஸ்கட்டிலிருந்து திரும்பி, மதினியை எங்கள் சொந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு பலசரக்குக் கடை வைத்தான். ஒரு பையன் பிறந்தான், அவன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மதினி நம்பியிருந்தாள். அவள் பிறந்த வீடு அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அந்த ஒரு பஸ்ஸில் அவள் அண்ணன் ஏறவே இல்லை. அவன் பையோடு அவள் வாசலுக்கு வந்தது வாழ்நாளில் ஒரே தடவை, என் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்த அன்றைக்கு. தாலி அறுக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடிச் சேலை அந்தப் பைக்குள் இருந்தது. அதை மதினியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பையைத் திறந்தபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது மதினி அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். சர்க்கரை வியாதி கண்ணை வாங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. நான் இங்கே தனியாக இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவராததில் பெரிய வருத்தமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களைத் தவிர. அந்த நேரத்தில் இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலிருந்தும் குக்கர் சத்தமும் பேச்சும் கேட்கும். என் வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றும். அந்த நேரத்தில்தான் மதினிக்குப் போன் செய்வேன். போன மாதம் ஒருநாள் பேச்சுவாக்கில், நம் வெள்ளையம்மா படத்துக்கு இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறார்களாம், தமிழிலேயே பேசுகிறதாம் என்று சொன்னேன்.

"பாத்துட்டு எனக்குக் கதையச் சொல்லணும் என்ன" என்றாள் மதினி. "அவன் வந்து கூட்டிட்டுப் போனானான்னு மட்டும் பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே சமையலை முடித்துவிட்டு டீவி முன்னால் உட்கார்ந்தேன். மேலே தூங்குவதற்கு யாரும் இல்லை, சத்தத்தை நன்றாகவே வைத்தேன். தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம். பனி, பெரிய வீடு, குதிரை வண்டி, பையோடு அவன். அவன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நல்ல சுத்தத் தமிழில், "இன்னும் கொஞ்சம் ரத்தம் மட்டும் வேண்டும், வலிக்காது" என்றான். இப்போதைய டீவியில் இருட்டு அவ்வளவு இருட்டாக இல்லை. பைக்குள்ளிருந்து ஊசியும் சீசாவும் வந்தன. அவன் அண்ணன் இல்லை, டாக்டர். முதல் பாகம் முழுக்க அவன் அவளிடமிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவதற்காகத்தான் வந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு படம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்குப் படவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கண்ணாடி அறைகளுக்குள் நின்று பேசுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். வெள்ளையம்மாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டு நாலு பக்கமும் குழாய் செருகி, அவள் ரத்தத்தைச் சுண்டவைத்து, அதை எலிக்கு ஏற்றி, பிறகு சிப்பாய்களுக்கு ஏற்றி, அவர்கள் சாகாமல் இருக்கிறார்களா என்று கணக்குப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஏன் வெயில் ஆகாது, ஏன் பசிக்கிறது என்பதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் படம் போட்டு விளக்கம். பயம் என்பது மருந்துக்கும் இல்லை. அவள் கடைசியில் எரிந்து சாம்பலாகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் காக்கவைத்து எடுத்த லட்சணம் இதுதானா என்று தனியாக உட்கார்ந்து டீவியைத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் மதினியின் போன் வந்துவிட்டது. வழக்கமாக நான்தான் செய்வேன், அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை.

"பாத்துட்டியாட்டி?"

"இப்பதான் மதினி ஆரம்பிக்குது" என்றேன். படத்தை முதலிலிருந்து மறுபடி போட்டேன். சத்தத்தை நிறுத்தினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். வெள்ளைக் கோட்டுக்காரர்களைக் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் ஆக்கினேன். கண்ணாடிக் குடுவையில் கொதித்தது பாயசம் என்றேன். மதினி சிரித்தாள். வெள்ளையம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டதாகவும், அவளுக்காகத்தான் இத்தனை சமையலும் என்றும் சொன்னேன். கட்டிலை ஊஞ்சல் ஆக்கினேன். அவ்வளவு பொய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவள் அப்போது சொன்ன தொனியிலேயே வந்துகொண்டிருந்தது.

"பையோட ஒருத்தன் வருவானே, வந்துட்டானா?"

அவன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான். "வந்துட்டாரு மதினி."

"பையில என்ன வச்சிருக்கான்?"

திரையில் அவன் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொல. கரும்பு பைக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கு மதினி."

"இருக்காதுட்டி" என்றாள். "அவன் ரத்தம் எடுக்கத்தான் வாரான். எனக்கு அப்பமே தெரியும், பைக்குள்ள ஊசி மினுங்குனத நான் பாத்தேன்லா. நீ சின்னப்புள்ள, பயந்துருவன்னு மாத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடிச்சுப்போச்சு."

ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில் அவர்கள் வாயசைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"கரும்பு ஒத்தையா, கட்டா?" என்று கேட்டாள் மதினி.

"ஒரு கட்டு மதினி. தோகையெல்லாம் கதவுல உரசுது."

"அப்ப சரி. மேல சொல்லு."

நான் சொல்லிக்கொண்டே போனேன்.