குக்கர் வைத்துப் பார்த்து வாங்கிய வண்டி

அடுத்தவர் கட்டப்போகும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் கணவரின் தொழில். ஹூஸ்டனில் அதற்கென்று ஒரு கம்பெனி, அதில் அவருக்கென்று ஜன்னல் இல்லாத ஓர் அறை. குழாய் எத்தனை அடி, வால்வு எத்தனை, வெல்டிங்காரருக்கு மணிக்கு எவ்வளவு என்றெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரு தொகை சொல்வார். ஆலை கட்டி முடிந்தபின் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். அதனால், ஓய்வு பெற்ற அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு மோட்டார் ஹோம் வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் போட்டுட்டேன்" என்று அவர் சொன்னபோது, முதல் வாக்கியம்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவதை அப்படியே நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மோட்டார் ஹோம் என்பது பஸ் மாதிரி நீளமான வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். ரிடையர் ஆன வெள்ளைக்காரத் தம்பதிகள் அதில் ஏறிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவார்கள். நம் ஆட்களில் யாரும் அப்படி ஒன்று வைத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் ஆட்கள் ரிடையர் ஆனால் சென்னையில் ஃப்ளாட் வாங்குவார்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவார்கள்.

"ஏங்க, நமக்கு எதுக்கு பஸ்?"

"பஸ் இல்ல. மோட்டார் ஹோம்."

"அவ்ளோ பெருச யாரு டிரைவ் பண்ணுவா?"

"நான்தான். வேற யாரு?" என்றார், ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துக்கொண்டே.

டீசல் எஞ்சின்தான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். "கேஸ், அதான் பெட்ரோல் எஞ்சின், நம்மள மாதிரி. மேடு ஏறினா மூச்சு வாங்கும். டீசல் அப்படி இல்ல, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்" என்றார். புது டீசல் வண்டியின் விலை எங்கள் வீட்டின் விலையை விட அதிகம். ஆகவே பழசு. பழைய வண்டியிலும் யாராவது வயதானவர்கள் பொறுப்பாக வைத்திருந்த வண்டி. அதற்கு மேல் அவருக்கு நிபந்தனை எதுவும் இல்லை. எனக்கு ஒன்று இருந்தது. வண்டி அடுப்பில் என் குக்கரை வைக்க முடிய வேண்டும்.

அந்தக் கோடையில் வாரத்துக்கு ஒரு நாள் ஃப்ரீவே ஓரத்து வியாபாரிகளிடம் வண்டி பார்க்கப் போனோம். அவர் கையில் டிஷ்யூ பேப்பர் இருக்கும். குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டு, எதையோ தொட்டுத் துடைத்து, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான் துணிப்பையிலிருந்து குக்கரை எடுத்துக்கொண்டு நேராகச் சமையல் மேடைக்குப் போவேன். முதல் வண்டியில் அடுப்புக்கு மேலேயே அலமாரி; வெயிட் மேலே எழும்ப இடம் இல்லை. இரண்டாவதில் குக்கர் உட்கார்ந்தது, ஆனால் வண்டி முழுக்க நாய் வாசனை. இன்னொன்றில், பெரிய தொப்பி போட்ட விற்பனையாளர் என் பின்னாலேயே வந்து, அது என்ன பாத்திரம் என்று கேட்டார். அரிசி பருப்பு வேகவைப்பது, உள்ளே ஆவி சேர்ந்தால் மேலே இருக்கும் வெயிட் சத்தம் போடும் என்றேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, இந்த வண்டிக்குத் தீ இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும் என்றார்.

கடைசியில் பேப்பர் விளம்பரத்தில் ஒன்று அகப்பட்டது. சான் ஆன்டோனியோவைத் தாண்டி, குன்றுகளுக்கு நடுவில் ஒரு வீடு. எங்களை விடப் பத்து வயதாவது மூத்த அமெரிக்கத் தம்பதி. அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். டிரம்பெட் பையன்களுக்கு நடுவிலேயே நின்று நின்று காது போய்விட்டது என்று அவர் மனைவி சொன்னார். முட்டிவலியால் வண்டிப் படி ஏற முடியவில்லை, அதனால்தான் விற்கிறார்கள். அந்த அம்மா நல்ல உயரம். ஆண்கள் போடும் பூட்ஸ் போட்டிருந்தார்.

குக்கர் உட்கார்ந்தது. அடுப்புக்கு மேலே ஃபேன், பக்கத்தில் ஜன்னல். எனக்குப் பிடித்திருந்தால் அதை முகத்தில் காட்டாமல், "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்ல வேண்டும் என்பது என் கணவர் செய்த ஏற்பாடு. அமெரிக்கர்களுக்கு முன்னால் தமிழில் பேசுவதற்கு ரகசிய வார்த்தை எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே வந்து, "வெயில் ரொம்ப ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க" என்றேன்.

விலை பேசவும் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. "அவங்க விலை சொன்னதும் நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. சும்மா உட்காரணும். அந்த சைலன்ஸ் தாங்காம அவங்களே குறைப்பாங்க" என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தார். காண்ட்ராக்டர்களிடம் அது பலித்திருக்கிறதாம்.

வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பெரியவர் விலையைச் சொன்னார். என் கணவர் வாயை இறுக மூடிக்கொண்டு, தூரத்தில் இருந்த ஒரு மரத்தைப் பார்த்தார். பெரியவர் என் கணவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போயிற்று. தனக்குத்தான் ஏதோ காதில் விழாமல் போய்விட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சங்கடத்தோடு சிரித்து, "சரி, அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டினார். என் கணவரும் பழக்க தோஷத்தில் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

உள்ளேயிருந்து லெமனேட் தட்டோடு வந்த அந்த அம்மா, "எவ்வளவுக்கு முடிந்தது?" என்று உரக்கக் கேட்டார்.

"இவர் சொன்ன விலைக்குத்தான்" என்றார் பெரியவர்.

எல்லாரும் என் கணவரைப் பார்த்தோம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே, தன் கணவர் சொன்னதிலிருந்து ஆயிரம் டாலர் குறைத்து ஒரு விலை சொன்னார். என் கணவருக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த அம்மா சொன்னதை விட ஐந்நூறு அதிகமாக ஒரு தொகை அவர் வாயிலிருந்து வந்தது. வாங்குகிறவர் விலையை ஏற்றிக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்தோம். அவர் வண்டியில், நான் பின்னால் எங்கள் காரில். கிராமத்துச் சாலையில் பெரிய தொந்தரவு இல்லை. ஃப்ரீவேயில் ஏறியதும் வண்டி அப்படியே ஓரம் கட்டியது. நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு நத்தை மாதிரி ஊர்ந்தது. பின்னால் நானும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். சவ ஊர்வலம் என்று நினைத்தோ என்னவோ, ஒரு டிரக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, மாட்டுத்தீவனக் கடை ஒன்றின் வாசலில் வண்டி நின்றது. நான் ஓடிப்போய்ப் படியேறிப் பார்த்தேன். வண்டி நின்ற பிறகும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"பின்னாடி யாரோ துரத்திக்கிட்டே வர்றாங்கம்மா. மிரர்ல தெரியுது."

"அது நம்ம வண்டியோட பின்பக்கம்ங்க."

"தெரியும்" என்றார். "இருந்தாலும் துரத்துது."

கடையிலிருந்த பே ஃபோனில் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு பழைய பிக்கப்பில் வந்து இறங்கினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்களில் யாருக்குக் கோபம் மெதுவாக வரும்?" என்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டினார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னையே காட்டிக்கொண்டேன்.

"என்ன வேலை பார்த்தீர்கள்?"

"நர்ஸ். எமர்ஜென்சி வார்டு."

"அப்படியானால் நீங்கள்தான். ஏறுங்கள்" என்றார்.

அவர்கள் வீட்டிலும் இதே கதைதானாம். முதல் நாளே பெரியவர் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டார். அன்றிலிருந்து ஓட்டியதெல்லாம் இந்த அம்மாதான். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். என் கணவர் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசினார், அதைக் கெடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார் அந்த அம்மா.

நான் ஐந்தடி. முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒன்று வைத்துத்தான் கால் பெடலுக்கு எட்டியது, கண் சாலைக்கு எட்டியது. அவர்கள் வீட்டிலேயே சில நாள் தங்கினோம். தினமும் காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கால்பந்து மைதானத்து பார்க்கிங்கில் வட்டம் அடித்தேன். தூரத்தைப் பார், கிட்டே பார்க்காதே என்பார் அந்த அம்மா. திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் போ, இன்னும் கொஞ்சம், இப்போது திருப்பு என்பார். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால், "பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு வேறு போக்கிடம் இல்லை, உங்களோடுதான் வரும்" என்றார். என் கணவரும் பெரியவரும் ஓரமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவருக்குப் பேச விஷயம் இல்லை. இருவரும் நன்றாக ஒத்துப்போனார்கள்.

ஹூஸ்டன் வரை நான்தான் ஓட்டினேன். என் கணவர் பின்னால் காரில் வந்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். மறுநாள் பஸ் பிடித்துத் திரும்பிப் போனார்.

அதன் பிறகுதான் பட்ஜெட் பிரச்சினை ஆரம்பித்தது. டயர் தேயவில்லை என்று சந்தோஷப்பட்டோம். தேயாவிட்டாலும் வயதானால் பக்கவாட்டில் வெடிப்பு விடும் என்று மெக்கானிக் காட்டினார். ஆறு டயரையும் மாற்றினோம். எஞ்சின் ஆயில் மாற்றிய பில்லைப் பார்த்து, இது வேறு யாருடைய வண்டிக்கோ போட்ட பில் என்று என் கணவர் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வண்டிக்குத்தான். இதெல்லாம் முடிவதற்குள், வீட்டு வாசலில் பஸ் நிறுத்தக் கூடாது, உடனே எடுக்கவும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியதாயிற்று. அது பட்ஜெட்டில் இல்லவே இல்லை.

"ஏங்க, வண்டி வாங்கினா நிறுத்த இடம் வேணும்னு தோணலையா?"

"பிளான்ட் எஸ்டிமேட்ல நிலம் வராதும்மா. அத கிளையன்ட் குடுத்துருவான்" என்றார். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வசந்தகாலத்தில் முதல் நீண்ட பயணம், நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அரிசி பருப்பு வாங்க, இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டுக்கு வண்டியையே ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் பார்க்கிங்கின் ஓரத்தில் நீளவாக்கில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து, என் கணவரைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போனேன். மூட்டையோடு திரும்பி வந்தால் வாசலில் வரிசை. உள்ளே சோஃபாவில் ஏற்கனவே மூன்று பேர். ஒரு ஆன்ட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"இது லூசியானா கேசினோ போற பஸ்தானே?" என்று வரிசையில் நின்ற ஒரு அங்கிள் என்னிடம் கேட்டார். "லஞ்ச் கூப்பன் பஸ்லயே குடுப்பாங்களா, அங்க போயி வாங்கணுமா?"

என் கணவர் அடுப்புப் பக்கம் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தார். "வந்து உட்கார்ந்துட்டாங்க. எப்படி எழுந்து போங்கன்னு சொல்றது?" என்றார் மெதுவாக.

விஷயத்தைச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. டீயைக் குடித்தார்கள், கட்டிலை அழுத்திப் பார்த்தார்கள், மைலேஜ் கேட்டார்கள், பாத்ரூமைத் திறந்து பார்த்தார்கள். யார் டிரைவ் பண்ணுகிறார்கள் என்று ஆன்ட்டி கேட்டார். என் கணவர் டீ வடிகட்டியை உதறிக்கொண்டே, "அவங்கதான். நான் சர்வீஸ் சைடு" என்றார். அவர் வாயால் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாதாரணமாகத்தான் சொன்னார். கேசினோ பஸ் வந்ததும் எல்லாரும் கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை கிளம்பினோம். லூசியானா, மிசிசிப்பி, அலபாமா. நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. என் கணவர் பேச ஆரம்பித்தார். திருமணமான நாளிலிருந்து காரில் அவர் தேவைக்கு மேல் பேசினதில்லை. ஃப்ரீவேயில் முன்னால் போகும் வண்டியின் பம்பரைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போய் வந்த மனிதர். இப்போது உயரமான சீட்டில் மேப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். "அங்க பாரு, மாடு எல்லாம் ஒரே பக்கமா திரும்பி நிக்குது." "இந்த ஆத்துத் தண்ணி காப்பி கலர்ல இருக்கு." "சர்ச்சுக்கு எதுத்தாப்ல பட்டாசுக் கடை வச்சிருக்கான் பாரு." நான் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது, அதனால் அவர் சொல்லித்தான் எல்லாம் பார்த்தேன். டென்னசியில் ஒரு மலை இறக்கத்தில் மட்டும், கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்றேன். இருந்தார். கீழே வந்ததும், விட்டுப்போனது என்னென்ன என்று வரிசையாகச் சொன்னார்.

மகள் வீட்டுத் தெருவில் நான் வண்டியைத் திருப்பியபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். டிரைவர் சீட்டில் தலையணை மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவள் வாய் திறந்தது. "அம்மா, ஆர் யூ சீரியஸ்? யூ ட்ரோவ் திஸ் திங்?"

"நீ கொஞ்சம் ஓரமா நில்லு, பின்பக்கம் வரட்டும்" என்றேன்.

அவள் ஓரமாக நின்றாள். என் கணவர் இறங்கிப்போய் நடுத்தெருவில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, எதிரே வந்த பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்தினார்.