எனக்கு எதிராக நானே கூட்டிய கூட்டம்

பேரணாம்பட்டில் என் வேலை, பீடி சுற்றும் பெண்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பது. சம்பளம் ஒரு வெளிநாட்டு நிதி அமைப்பிடமிருந்து வந்தது. அவர்கள் விதிப்படி பணம் பயிற்சிக்கு மட்டும்தான். குழாய் போட ஒரு பைசா கிடையாது. அதனால் தண்ணீரே வராத தெருவில் நின்று, வெறும் கையை நுரை பொங்கத் தேய்ப்பதுபோல் நடித்துக் காட்டுவேன். பெண்களும் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். ஒரு நாள் அவர்களில் வாய்த்துடுக்கான ஓர் அக்கா கேட்டார்.

"சோப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு டீச்சர். தண்ணிய எப்போ காட்டுவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த விதியை மாற்றவைத்தே தீருவது என்று ஊரில் ஆள் திரட்டினேன். வந்தவர்களைப் பார்த்தால், கல்யாண வீட்டில் பகையாளிகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. தோல் பதனிடும் டேனரியின் கழிவால் கிணறு உப்பாகிவிட்டது என்று கொதிக்கும் விவசாயி, அதே டேனரியின் மேனேஜர், அவரோடு கூலிக்காக மல்லுக்கட்டும் சங்கத்துக்காரர், பிறகு பீடிக்காரப் பெண்கள். முதல் கூட்டத்திலேயே நாற்காலி உயர்ந்தது.

நான் ஒரு சட்டம் போட்டேன். இங்கே குழாயைப் பற்றி மட்டும்தான் பேச்சு. வேறு எதைப் பேசினாலும், பேசியவர் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். மற்ற சண்டைகளை வெளியே போய்த் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். சில வாரங்கள் சங்கத்துக்காரரும் விவசாயியும் டீக்கடையை வாழவைத்தார்கள். அப்புறம் மெல்ல நாக்கு அடங்கியது.

நிதி அமைப்பின் அதிகாரி அம்மா நேரில் வந்தார். பயிற்சிப் பணத்தைக் குழாய்க்குத் திருப்புங்கள் என்று விவசாயியும் மேனேஜரும் ஒரே குரலில் சொன்னபோது, மொழிபெயர்த்த என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த அம்மா தலையசைத்துவிட்டு, அப்படியானால் பயிற்சியாளரின் வேலை என்னவாகும் என்று கேட்டார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டு வாடகை ஞாபகம் வந்தது, பயமாகத்தான் இருந்தது.

சங்கத்துக்காரர் எழுந்தார். "கொழாயும் வேணும், இந்தம்மா வேலையும் போகக்கூடாது."

விவசாயி உடனே நிமிர்ந்தார். "அப்போ என் கெணறு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

மேனேஜர் சட்டைக் கையை மடக்கத் தொடங்கினார். அதிகாரி அம்மாவின் பேனா நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் குழாய் போய்விடும்.

"அண்ணே, இங்க கொழாய் மட்டுந்தான், என் வேலை இல்ல," என்றேன் சங்கத்துக்காரரிடம். "உக்காருங்க. டீ உங்களுது."

விதி மாறியது. குழாய் வந்தது, என் வேலை போனது. தண்ணீர் திறந்த அன்று சங்கத்துக்காரர் பாக்கி டீயை வாங்கி வந்தார். கிளாஸுக்கு நீட்டிய என் கையை அந்த வாய்த்துடுக்கு அக்கா தடுத்தார்.

"மொதல்ல கைய கழுவுங்க டீச்சர். எப்டின்னு தெரியும்ல?"