உப்புத் தண்ணீரில் இருக்கச் சொன்னார்கள்

திரைச்சீலைக்குள் நின்றவர்கள்: ஒரு பெண் டொக்டர், என் மகளிலும் வயது குறைவு. இரண்டு நேர்ஸ் மிஸ்ஸிமார், ஒருவர் கையில் தட்டம், மற்றவர் கையில் லைற். என் மனைவி. நான். நான் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். உடுத்திருந்த சாரம் இடுப்புக்கு மேலே கிடந்தது.

மனைவியை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

"எப்ப தொடங்கினது, ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"கொரோனாவுக்குப் பிறகு."

"ஏன் முதலே வரேல்லை?"

மனைவி சொன்னாள். "எனக்கே இண்டைக்குத்தான் தெரியும், டொக்டர். உவர் வாய் திறக்கேல்லை."

நடந்தது இதுதான்.

கொரோனா வந்தவர்களை அந்த நாட்களில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எனக்குக் காய்ச்சலும் இருமலும். அத்தனை பேருக்கும் ஒரே கக்கூசு. வாசலில் ஆட்கள் நிற்பார்கள். வெளியே நிற்கிறவன் இருமினால் உள்ளே கேட்கும். அப்படி இருக்க எனக்கு வராது. அடக்கினேன். அடிக்கடி எழும்பாமல் இருக்கத் தண்ணீரையும் குறைத்தேன். வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு சரி. கீழே சரியில்லை. முதல் நாள் போனபோது போத்தல் ஓடு அறுத்த மாதிரி இருந்தது. ரத்தம்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. ரத்தம் என்றால் திரும்பவும் அந்த மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். மனைவி மல்லியும் மிளகும் இஞ்சியும் அவித்துக் காலை, மத்தியானம், இரவு தந்தாள். அது குடித்தால் கொரோனா திரும்ப வராதாம். குடித்தேன். எரிந்தது.

எங்கள் மீன்பிடி வள்ளத்தில் இஞ்சின் பிடிக்கிறவன் நான். பின்பலகையில் குந்தித்தான் பிடிக்க வேண்டும். வள்ளம் அலையில் எழும்பி விழும். ஒவ்வொரு விழுகையும் அந்த இடத்தில்தான் இடிக்கும். கரைக்கு வந்ததும் பலகையை நானே கழுவிவிடுவேன். மீன் ரத்தமும் கிடக்கும். ஒருவருக்கும் பிரித்துத் தெரியாது.

கோயிலில் பூசை முடியுமட்டும் நின்றேன். இருந்து கும்பிடுகிற வாங்கில் இடம் இருந்தும் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்தது கேட்டது.

"உவருக்குக் கொரோனா வந்த பிறகு பக்தி கூடிப்போச்சு."

"ஓமடி. எங்கடை மனிசனுக்கும் ஒருக்கா வந்தால் நல்லது."

கடைசியில், தெரிந்த முகம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று நெல்லியடிக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க நின்றேன். அங்கே ஒரு டிஸ்பென்சரி. டொக்டர் பார்க்க வேண்டும் என்றார். நான் காட்டவில்லை. வாயால் சொன்னேன். விழுங்கக் குளிசை தந்தார், பூச மருந்து தந்தார். "காலமையும் பின்னேரமும் உப்புத் தண்ணியிலை கொஞ்ச நேரம் இருங்கோ" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

வீட்டில் இரண்டு அறை. மகள், மருமகன், அவர்களின் பிள்ளை. மறைவாக இருக்க இடமில்லை. ஆனால் கடல் வாசலில் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் காயத்தைக் கடலில்தான் கழுவுவார்கள். கெளிற்று மீன் முள் குத்தினாலும் தூண்டில் கிழித்தாலும் அதுதான் மருந்து. கரையில் இறங்கி, இடுப்பு மூடக் குந்தினேன். பார்க்கிறவன் வலை அலசுகிறேன் என்று நினைக்கட்டும் என்று கையில் ஒரு வலைத்துண்டு வைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் ஊர் அழுக்கு வாய்க்கால் வந்து விழுகிறது. மீன் வெட்டின கழிவும் அங்கேதான். பிறந்த நாள் தொட்டு எனக்குத் தெரியும். அதை நினைக்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு வீங்கியது. நடுக்கக் காய்ச்சல் வந்தது. கொரோனா திரும்பிவிட்டது என்று மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. மனைவி தோய்க்கச் சாரத்தை எடுத்தாள். மணந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"மூலம்."

"மூலம் இப்பிடி மணக்காது. எழும்புங்கோ ஆஸ்பத்திரிக்கு."

அப்படித்தான் அந்தத் திரைச்சீலைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

"உப்புத் தண்ணியிலை இருக்கச் சொன்னவை. இருந்தனான்" என்று டொக்டருக்குச் சொன்னேன்.

"எங்கை இருந்தனீங்கள்?"

"கடலிலை."

லைற் பிடித்த மிஸ்ஸி சிரித்துவிட்டார். டொக்டர் சிரிக்கவில்லை.

"பேசினுக்கை, ஐயா. வீட்டிலை. கொதிச்சு ஆறின தண்ணியிலை." பிறகு சொன்னார். "கொரோனா வந்து தேறின ஆக்கள் உங்களை மாதிரி வருகினம். படுத்த படுக்கை, தண்ணி குடிக்கிறேல்லை, மலம் இறுகிப் போகுது. வெக்கத்திலை பிந்தி வருகினம். சீனி வருத்தம் இருக்கே?"

"தெரியாது."

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இருந்தது.

அன்றைக்கே வெட்டினார்கள். அழுகினதெல்லாம் எடுத்தார்கள். மலத்தை அடக்கிப் பிடிக்கிற தசையிலும் கொஞ்சம் போனது. தைக்கவில்லை. உள்ளேயிருந்து ஆறி வரவேண்டுமாம். நாள்தோறும் துணி அடைத்தார்கள், நாள்தோறும் இழுத்து எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மருமகன் தன் அறையை விட்டுத் தந்தான். பேசினில் இருக்கிறேன். மனைவி கழுவுகிறாள். சில நாட்களில் எனக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதையும் அவள் கழுவுகிறாள்.

அவளுடைய தம்பிதான் இப்போது இஞ்சின் பிடிக்கிறான். ஒரு நாள் வந்தான். முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான், வள்ளத்திலை ஒரு ஆள் குறைவு. கரையூர்ப் பக்கத்தான் ஒருத்தன் கேக்கிறான். எடுக்கட்டே?"

"பொறு. நான் வாறன்."

"போய்வர விடியும். குந்தியிருப்பியளே?"

"இருப்பன்."

"நிண்டுகொண்டு பிடிக்கிறதெண்டால் சொல்லுங்கோ, றபிக் பொலிஸ் தொப்பி ஒண்டு வாங்கித் தாறன்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். "வள்ளம் கரையிலைதான் கிடக்கு. இருந்து காட்டுங்கோ, அத்தான். இருந்தீங்களெண்டால் அவனை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

போனோம். வள்ளத்தை மணலில் இழுத்து விட்டிருந்தார்கள். ஏறினேன். பின்பலகையில் இருந்தேன். அலை இல்லை, ஆட்டம் இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி நின்றான். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பிறகு இரண்டு கையும் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. எழும்பிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு.